ஐன் என்றால் ஊற்று

ஊர்ப்பெயரை எழுதாதே என்று என் மனைவிக்குக் கடிதம் போட்டவன் நான்தான். அதுவும் இரண்டு தரம் அடிக்கோடிட்டு. அந்தக் காலத்தில் கள்ளப்பாதையால் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரரை நம்பி வெளிக்கிட்ட எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அது ஒரு சட்டம். வழியில் எந்த ஊரில் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கடிதத்தில் எழுதக் கூடாது, தொலைபேசியிலும் சொல்லக் கூடாது. யாராவது கடிதத்தை உடைத்துப் பார்த்தால் பாதை தெரிந்துவிடும், பின்னால் வருகிறவர்களுக்கும் வழி அடைபட்டுவிடும். ‘கண்டதை எழுது, பெயரை எழுதாதே’ என்று நான் பெரிய தலைவர் மாதிரி அறிவுரை சொல்லியிருந்தேன்.

என் மனைவி சொல்வழி கேட்கிற ஆள் இல்லை. கலியாணம் கட்டி ஆறு வருடத்தில் நான் சொன்ன ஒன்றையும் அவள் அப்படியே செய்ததாக எனக்கு நினைவில்லை. கடவுளே என்று இந்த ஒன்றை மட்டும் கேட்டுவிட்டாள்.

எண்பத்தைந்தாம் ஆண்டு கோடைகாலம். நான் பாரிஸுக்கு வந்து ஒன்றரை வருடம். லா சப்பல் மெத்ரோ ரயில் நிலையத்துக்குக் கிட்ட, ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் மேல்முனையில் ஒரு கட்டிடத்தின் ஐந்தாம் மாடியில் ஆறு பேர் ஓர் அறையில் இருந்தோம். மனைவி ஊரை விட்டு வெளிக்கிட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. ‘ஒரு அரபு நாட்டுக்குள்ளாலை வருவினம், பயப்பிடாதேங்கோ’ என்று பாரிஸில் இருந்த ஏஜென்சிக்காரரின் ஆள் சொன்னார். முதல் மாதம் அவர் தொலைபேசியை எடுத்தார். இரண்டாம் மாதம் அது அடித்துக்கொண்டே இருந்தது.

ஜூன் முடிவில்தான் கடிதம் வந்தது. உறையில் மார்செய் தபால் முத்திரை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கப்பலில் பிரான்சுக்குப் போகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன் என்று அவளே எழுதியிருந்தாள். ஆகவே அந்த முத்திரையால் ஒரு பிரயோசனமும் இல்லை.

‘அன்புள்ள அத்தானுக்கு’ என்று தொடங்கியது கடிதம். ‘நாங்கள் ஏழு பேர், அதில் நாலு பேர் பெண்கள். ஒரு வீட்டில் இருக்கிறோம். பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு போன ஆள் பதினெட்டு நாளாக வரவில்லை. எங்களோடு வந்த ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. பாஷை தெரியாமல் யாரிடம் போவது என்று விளங்கவில்லை. நீங்கள் சொன்னபடி இடத்தின் பெயரை எழுதவில்லை.’

அதற்குப் பிறகு இரண்டு பக்கம். ஊரில் அவள் புவியியல் படிப்பித்த ரீச்சர். ‘கண்டதை எழுது’ என்றதையும் அவள் விடவில்லை. நீளமான சமவெளி, அறுவடை முடிந்த கோதுமை வயல்கள். வடக்கேயும் தெற்கேயும் தூரத்தில் மலைத்தொடர். ஊருக்குப் பக்கத்தில் மட்டும் எதோடும் சேராமல் தனியாக ஒரு மலை. அகலமான ஆறு, ஆனால் தண்ணீர் நூல் மாதிரி ஓடுகிறது. காலையிலும் பின்னேரமும் ரயில் கூவும். பெண்கள் வெள்ளைத் துணியால் முழுக்கப் போர்த்துக்கொண்டு ஒற்றைக் கண்ணை மட்டும் வெளியில் விட்டு நடக்கிறார்கள். தண்ணீர் எடுக்கும் இடம் ஓர் ஊற்று. அதைச் சுற்றிச் செவ்வலரி காடாகப் பூத்துக் கிடக்கிறது. ஆடுகள்கூட அதில் வாய் வைப்பதில்லை.

பரீட்சைத் தாளாக இருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருக்கலாம். ஒரு சொல் போதுமே, அந்த ஒரு சொல்லை எழுதியிருக்கக் கூடாதா என்று அவள்மேல்தான் முதலில் கோபம் வந்தது. பிறகு அடிக்கோடு ஞாபகம் வந்தது. தன் வினை தன்னைச் சுடும் என்பது சும்மா சொன்னதில்லை.

அறையில் மூத்தவரை எல்லாரும் அண்ணை என்போம். அவரிடம் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு மடித்துத் தந்தார்.

“நல்ல எழுத்து,” என்றார். “ஆனா இதை வைச்சு என்னடாப்பா செய்யிறது? அரபு நாடு முழுக்க மலையும் ஆறும்தானே.”

பொலிசுக்குப் போகலாம் என்றால் ஏழு பேரையும் நானே காட்டிக்கொடுத்ததாகிவிடும். நானே போய்த் தேடலாம் என்றால் என்னிடம் இருந்தது ஒரு ரெசெப்பிசே, அகதி விண்ணப்பம் போட்டதற்குத் தந்த துண்டுக் கடதாசி. அதை வைத்துக்கொண்டு நாட்டு எல்லையைத் தாண்ட முடியாது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது.

அப்போது எனக்கு கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கம் ஓர் உணவகத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற வேலை. கழுவுகிற தொட்டிக்கு எதிரே ஓர் அல்ஜீரியர் நின்று மரக்கறி வெட்டுவார். என் வயதுதான் இருக்கும். எனக்கும் அவருக்கும் ஆறு மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அவருடைய சின்ன ரேடியோவைத் தொட்டி விளிம்பில் வைத்திருந்தார், நான் தண்ணீரை அள்ளி ஊற்றினதில் அது ஒரேயடியாகச் செத்துப்போனது. தொட்டி விளிம்பில் யாராவது ரேடியோ வைப்பானா என்று நான் கேட்டேன். கண் தெரியாதவன் யாராவது பாத்திரம் கழுவ வருவானா என்று அவர் கேட்டார். அதோடு முடிந்தது.

கடிதம் வந்த மறுநாள் நான் கழுவின கோப்பைகளையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேனாம். மூன்றாம் தரம் அதே அடுக்கைத் தொட்டிக்குள் இறக்கியபோது அவர் கத்தியைக் கீழே வைத்தார். அவர் பேசினது பிரெஞ்சு. நான் விளங்கிக்கொண்டதை என் தமிழிலேயே சொல்கிறேன்.

“உனக்கு என்ன நடந்தது?” என்றார். “ஆராவது செத்துப் போச்சினமோ?”

ஆறு மாதக் கோபத்தை ஒரு கேள்வியில் அவர் முடித்துவைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை எடுத்தேன். என் அரைகுறை பிரெஞ்சும் கையும் காலும் சேர்ந்து மொழிபெயர்த்தன.

ஒற்றைக் கண் இடம் வந்ததும் அவர் கையை உயர்த்தினார். “நிப்பாட்டு. அது எங்கடை நாடு. உள்நாட்டுப் பக்கம் பொம்பிளையள் அப்பிடித்தான் போர்ப்பினம்.”

நாடு கிடைத்துவிட்டது. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அல்ஜீரியா எவ்வளவு பெரிது என்று அவரே கையை விரித்துக் காட்டினார். அந்த மூச்சும் போய்விட்டது.

செவ்வலரியில்தான் முட்டுப்பட்டோம். பூ, சிவப்பு, பால் வடியும், நஞ்சு என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சையெல்லாம் கொட்டினேன். அவர் ரோஜா என்றார், பிறகு மாதுளை என்றார். ஒன்றும் பிடிபடவில்லை. சட்டென்று எனக்கு ஞாபகம் வந்தது. அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாப்பாட்டுச் சாலைக்குள்ளால் வாசலுக்குப் போனேன். ஈர ஏப்ரனோடு இரண்டு பேர் போவதைப் பார்த்து முதலாளி வாயைத் திறந்தபடி நின்றார். வாசல் மேசைகளுக்குப் பக்கத்தில், பாரிஸ் கடைகளில் கோடையில் வைப்பது போல, மரத்தொட்டிகளில் இரண்டு அலரிச் செடிகள் நின்றன. வெயில் தொடங்கினதிலிருந்து நான் குப்பை கொண்டுபோகும்போதெல்லாம் பார்த்த செடிகள்.

“இது!” என்றேன்.

“தெஃப்லா,” என்றார் அவர். பிறகு இன்னொரு தரம், தனக்குள்ளேயே, “தெஃப்லா.”

திரும்பி வந்ததும் வெட்டுப் பலகையைத் துடைத்து நடுவில் வைத்தார். உரிக்காத பெரிய உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்து ஒரு பக்கமாக நிறுத்தினார். “ஜெபெல்,” என்றார். மலை. கத்தியைப் படுக்க வைத்தார். “ஊவெத்.” ஆறு, பெரும்பாலும் காய்ந்து கிடக்கிற ஆறு. விரலைத் தண்ணீரில் தொட்டு ஒரு சொட்டுப் போட்டார். “ஐன்.” ஊற்று. வெங்காயத் தோலை அதைச் சுற்றி வைத்தார். என் மனைவி இரண்டு பக்கத்தில் எழுதியதை அந்த மனிதர் ஒரு பலகையில் வைத்துக் காட்டிவிட்டார்.

“எங்கடை ஆக்கள் ஊருக்குப் பேர் வைக்கேக்கை யோசிக்கிறேல்லை,” என்றார். “அங்கை என்ன இருக்கோ அதுதான் பேர். ஊற்று இருந்தா ஐன் எண்டு தொடங்கும். நிலம் கடலுக்குள்ளை நீட்டிக்கொண்டு நிண்டா ராஸ், தலை. நான் பிறந்த ஊர் பீர் எண்டு தொடங்கும்.”

குடிக்கிற பீரா என்று கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ரேடியோக் காலம் திரும்பி வந்தது. “கிணறு,” என்றார்.

ஆக, ஊற்றும் அலரியும் இருந்தால் ஊரின் பெயர் ஐன் தெஃப்லா. அப்படி ஓர் ஊர் உண்டு என்றார். பட்டாளச் சேவைக்கு ஓரான் நகரத்துக்கு ரயிலில் போனபோது தாண்டிப் போயிருக்கிறாராம். சமவெளி நடுவில் தனியாக ஒரு மலையைக் கண்ட ஞாபகமும் இருந்தது. ஆனால் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்றார். ஐன் என்று தொடங்குகிற ஊர்கள் அவருடைய நாட்டில் கணக்கில்லாமல் கிடக்கின்றன, அலரி இல்லாத ஆற்றங்கரையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தங்கைக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்கிறேன், அவளை அந்தப் பக்கம்தான் கட்டிக்கொடுத்திருக்கிறது என்றார்.

அன்றைக்குப் புதன்கிழமை. ஞாயிறு வரைக்கும் பொறுக்கிற ஆள் நான் இல்லை. மறுநாள் ஓய்வு நேரத்தில் பாரிஸ் ஆற்றங்கரையில் பழைய புத்தகம் விற்கிற பெட்டிக் கடைகளுக்குப் போய், அல்ஜீரியா வரைபடம் ஒன்றைக் கண்டுபிடித்து வாங்கினேன். நல்ல பெரிய வரைபடம், துணி ஒட்டினது. அறையில் தரையில் விரித்து அண்ணையும் நானும் முழங்காலில் நின்று தேடினோம். கடற்கரையிலிருந்து தொடங்கி ரயில் பாதையை விரலால் பிடித்துக்கொண்டு ஓரான் வரைக்கும் போனோம். ஐன் என்று தொடங்கும் ஊர்கள் வந்துகொண்டே இருந்தன. ஐன் தெஃப்லா இல்லை. திரும்ப வந்தோம். இல்லை.

அண்ணை எழும்பி முழங்காலைத் தட்டினார். “அவன் உன்னைத் தேத்திறதுக்குச் சொல்லியிருக்கிறான். அப்பிடி ஒரு இடமே கிடையாது.”

அந்த இரவை நான் எப்படிக் கழித்தேன் என்று எழுத விரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வரைபடத்தை அவருடைய பலகையின்மேல் விரித்தேன். காட்டும் நீர் சொன்ன ஊரை என்றேன். குரல் கொஞ்சம் கூடிவிட்டது. மனைவி எங்கே கிடக்கிறாளோ தெரியவில்லை, உமக்கு விளையாட்டா என்றும் கேட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவர் குனிந்து ரயில் பாதையைப் பார்த்தார். பிறகு வரைபடத்தின் மூலையைத் தூக்கி, அது எந்த வருடம் அச்சடித்தது என்று பார்த்தார். மூக்கால் சிரித்தார்.

“இது ஆரின்ரை படம் தெரியுமோ? பிரெஞ்சுக்காரன் எங்களை ஆண்ட காலத்துப் படம்.”

ரயில் பாதையில் ஓர் ஊரின்மேல் பெருவிரலை ஊன்றினார். அங்கே ஒரு பிரெஞ்சுப் பெயர் இருந்தது. நானும் அண்ணையும் நாலு தரமாவது கடந்து போன பெயர். ஏதோ ஒரு பழைய கடற்படைத் தளபதியின் பெயராம். கடல் அங்கேயிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டுப்பார் என்றார். நாடு விடுதலை அடைந்த பிறகு தளபதியின் பெயர் போய், தண்ணீரின் பெயர் திரும்பி வந்திருக்கிறது. அவருடைய பெருவிரலுக்குப் பக்கத்தில் ஆறு நீலக் கோடாக வளைந்தது. வடக்கேயும் தெற்கேயும் மலைத்தொடர். நடுவில், ஊரை ஒட்டி, எதோடும் சேராமல் ஒரு மலையின் நிழல் தனியாக அச்சடிக்கப்பட்டிருந்தது.

நான் கதிரை தேடாமலே பக்கத்தில் கிடந்த பால் பேணிப் பெட்டியின்மேல் குந்தினேன்.

“மன்னிச்சுக்கொள்ளும்,” என்றேன்.

“இதுக்கோ, ரேடியோவுக்கோ?”

“ரெண்டுக்கும்.”

“அப்ப சரி,” என்று வரைபடத்தை மடித்தார். “உன்ரை மனுசி கெட்டிக்காரி. தளபதியின்ரை பேரை எழுதியிருந்தா ஆருக்கு விளங்கும்? தண்ணியை எழுதினபடியால்தான் எனக்கு விளங்கினது.”

அந்தத் தளபதியின் பெயர் அவளுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. ஆனாலும் அவர் அவளைப் புகழ்ந்தது எனக்குப் பிடித்திருந்தது, நான் திருத்தவில்லை. வெங்காயம் உரிக்கத் தொடங்கியபடி, நீ எந்த ஊர் என்று கேட்டார். தண்ணீரூற்று என்றேன். முல்லைத்தீவுப் பக்கம். அப்படியென்றால் என்ன என்றார். சொல்லப் போன பிறகுதான் எனக்கே உறைத்தது. பிறந்ததிலிருந்து விண்ணப்பப் படிவங்களில் எழுதி வந்த சொல்லை அன்றைக்குத்தான் நான் காதால் கேட்டேன். ஊற்று என்றேன். அவர் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அப்ப நீயும் ஐன்தான்,” என்றார். “விசரா, இதை முதலே சொல்லியிருக்கக் கூடாதோ?”

ஞாயிறு வரைக்கும் அவரும் பொறுக்கவில்லை. அன்று பின்னேரமே பார்பேஸ் பகுதியின் பின்பக்கத் தெருவில் அவருடைய ஊர்க்காரர் ஒருவரின் கஃபேக்குக் கூட்டிக்கொண்டு போனார். தங்கையின் புருஷன் ரயில்வேயில் வேலை செய்கிறவர், அங்கேயிருந்து கிட்டத்தில் ஓர் ஊரில் வீடு. லைன் கிடைக்க ஒரு மணித்தியாலம் பிடித்தது. அவர் அரபியில் கதைத்தார், கதைத்தார், நடுவில் ‘தெஃப்லா’ என்பது மட்டும் எனக்கு விளங்கியது. எனக்கு அந்தச் சொல் அப்போதே சாமியின் பெயர் மாதிரி ஆகியிருந்தது.

சனிக்கிழமை அந்த மச்சான் ரயில் ஏறிப் போய் இறங்கி, நேரே ஊற்றடிக்குப் போயிருக்கிறார். தண்ணீர் எடுக்க வராதவர்கள் யார், ஊற்றடியில் கேட்டால் தெரியாத சங்கதி ஏது? ‘இந்தியாக்காரப் பொம்பிளையள்’ எந்த வீட்டில் என்று சின்னப் பிள்ளைகளே கூட்டிப் போய்க் காட்டிவிட்டார்கள். காய்ச்சல்காரப் பிள்ளையை அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோனார். பாஸ்போர்ட்டோடு போன ஆள் ஓடவில்லை. மச்சான் ரயில்வேக் கூட்டாளிகளை வைத்து விசாரித்ததில், ஓரானில் காரில் அடிபட்டுக் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தானாம், ஏழு பாஸ்போர்ட்டும் தலையணைக்குக் கீழே. திங்கட்கிழமை அவற்றையும் மச்சான் வாங்கிவந்துவிட்டார். இதையெல்லாம் அல்ஜீரியர் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். நான் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொல்லச் சொன்னேன். நெஞ்சில் ஏறியிருந்த ஆட்டுக்கல்லை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது. அன்றைக்கு இரவு ஒரு பாத்திரச் சோற்றையும் நானே தின்றேன் என்று அண்ணை பல காலம் சொல்லித் திரிந்தார்.

அவள் பாரிஸுக்கு வந்து சேர இன்னும் நாலு மாதம் ஆனது. ஆனால் என் கணக்கில் அவள் வந்தது அந்தச் செவ்வாய்க்கிழமைதான். பின்னேரம் நாலு மணிக்கு மச்சான் அவளைத் தபால் கந்தோருக்குக் கூட்டிவருவதாக ஏற்பாடு. நான் இரண்டரை மணிக்கே கஃபேயில் போய் இருந்தேன். மூன்று கோப்பை புதினாத் தேநீர் குடித்தேன். நாலே காலுக்கு மணி அடித்தது. கடைக்காரர் எடுத்து, அல்ஜீரியரிடம் கொடுத்து, அவர் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் தந்தார்.

“ஹலோ,” என்றாள். இரைச்சலுக்குள்ளே, கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரிக் குரல். ஆனால் அவள்தான்.

நான் கேட்க வைத்திருந்த கேள்விகள் எல்லாம் போய்விட்டன. “நீர் எங்கை நிக்கிறீர்?” என்றுதான் வாயில் வந்தது.

வகுப்பில் பேசுகிற அதே குரலில், “அது போனிலை சொல்லக் கூடாதெண்டு நீங்கள்தானே எழுதினனீங்கள்,” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நிற்பாட்ட முடியாமல் சிரித்தேன், கண்ணால் தண்ணீர் ஓடியது, கஃபேயில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு என்ன நடந்தது என்று அல்ஜீரியர் பதறிப்போய்த் தோளைப் பிடித்தார்.

“நீர் சொல்ல வேண்டாம்,” என்றேன். “நான் சொல்லட்டோ? ஐன் தெஃப்லா. பின்பக்கம் தனி மலை. ஊற்றடி முழுக்கச் செவ்வலரி.”

அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் அறுந்துவிட்டதோ என்று பயந்தேன். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். இரண்டு மாதமாக மற்ற ஆறு பேருக்கும் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தவள் அப்போதுதான் அழுதாள் என்று பிறகு அவளோடு வந்தவர்கள் சொன்னார்கள்.

“உங்களுக்குத் தெரியுமோ?” என்றாள். “நான் எங்கை நிக்கிறன் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

“ஓம்.”

“அப்ப சரி,” என்றாள். “இனி எனக்குப் பயமில்லை.”